பின் சக்கரத்தின் பிடிமானம்



இரண்டு வாரமாகப் பதிவு எதுவும் இல்லையே, சார் உடம்புக்கு முடியாமல் இருக்கிறாரா என்று சிலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். அவ்வளவுதான். கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

என் அக்கா மகனிடம் ஓர் அம்பாசடர் இருக்கிறது. அம்பாசடரில் என்ன வேகம், என்ன பர்ஃபார்மன்ஸ் என்று சிரிக்க வேண்டாம். 1992இல் அந்த வண்டிக்கு இசுசு 1800 எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. பழைய 1489 சிசி எஞ்சின் ஐம்பது குதிரைத்திறன் அளவில் இழுத்த இடத்தில் இது 75. மாப்பிள்ளையின் வண்டி அந்த ரகம். வாங்கும்போது அது ஓய்வு பெற்ற டாக்சி. எஞ்சினைப் பிரித்து, சுத்தம் செய்து, கார்புரேட்டரைச் சரிசெய்து, நான்கு வருடத்தில் அதைக் குதிரை மாதிரி ஆக்கிவிட்டான். கடலூரில் இருந்து சிதம்பரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டம். கேட்டால் "நடராசரைப் பார்க்கப் போறேன்" என்பான்!

போன ஐப்பசி மழையில் ஒரு மாலை, புதுச்சத்திரம் தாண்டி ஒரு பேருந்தை முந்துவதற்காக இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்திருக்கிறான். சாலை ஓரத்தில் டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து கொட்டிய வயல் சேறு. பின்பக்கம் அப்படியே வழுக்கிச் சுழன்று, சிதம்பரம் நோக்கிப் போன வண்டி கடலூரைப் பார்த்து நின்றுவிட்டது. பதினைந்தடி தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பள்ளிப் பிள்ளைகள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மாப்பிள்ளை அன்று இரவு சாப்பிடவில்லை. அக்கா மறுநாள் காலை ஆறு மணிக்கே போன் செய்துவிட்டாள். "தம்பி, நீ சொன்னா கேப்பான். அந்த வண்டியை வித்துடச் சொல்லு."

போனேன். அவன் விற்பதாக இல்லை. அதற்கு மாறாக, கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். வெளிநாட்டுப் பின் ஸ்பிரிங், விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர், டிராக்‌ஷன் பார் என்று ஒரு கம்பி, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம். "மாமா, இதைப் போட்டா பின் வீல் ரோட்டை விடவே விடாது" என்றான். நான் முப்பத்தைந்து வருடம் உராய்வுப் பாடம் நடத்தியவன். "விடவே விடாது" என்ற சொல் எனக்கு உறுத்தியது. சிதம்பரத்துக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் வண்டியை எடுத்துக்கொண்டு போவோம், அவன் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடு என்று சொன்னேன். ஒப்புக்கொண்டான்.

பட்டறைக்காரன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "சார், நீங்க பேர் போட்டா அப்புறம் உங்க ஸ்டூடண்ட் எல்லாரும் ஓசியிலே ஆயில் மாத்த வந்துடுவாங்க" என்றான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இப்போது நான் ஸ்டூலில் உட்கார, அவன் பாடம் நடத்தினான்.

அவன் முதலில் வண்டியைச் சுற்றிவந்து கேட்ட கேள்வி: "மிதிக்கிறப்போ எப்பவும் வலது பக்கம்தான் சுத்துதா?" மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டான். ஆமாம், வீட்டு வாசலில் சிமெண்ட் தரையில் விழும் கறுப்புக் கோடு எப்போதும் வலது டயருடையதுதான். காரணம் இதுதான். எஞ்சினில் இருந்து பின் அச்சுக்கு ஒரு நீளத் தண்டு சுழன்றுகொண்டே வருகிறது. அந்தச் சுழற்சி பின் அச்சையே தன்னோடு சேர்த்துத் திருகப் பார்க்கிறது. இடது சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது, வலது சக்கரத்தை இலேசாகத் தூக்குகிறது. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு திருப்பு விசையைத்தான் கொடுக்கும். ஆகவே எந்தச் சக்கரத்தின் பிடி குறைவோ, அதன் அளவுதான் இரண்டுக்கும். வலது சக்கரம் வீணாகச் சுற்றும்போது இடது சக்கரம் சும்மா இருப்பதற்குக் காரணம் அதுவே.

அடுத்து அவன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாப்பிள்ளையின் பழைய செல்போனை ஒரு பலகையில் கட்டி, பின் ஸ்பிரிங் தெரியும்படி வண்டிக்கு அடியில் மாட்டினான். பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. நெல் காயவைக்கும் பெரிய சிமெண்ட் களம் அன்று காலியாக இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஆட்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, வண்டியை நிறுத்தி, முதல் கியரில் ஒரு மிதி. பிறகு மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்.

அம்பாசடரின் பின்பக்கம் தாங்குவது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரில் இருந்து வந்த அமைப்பு. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அதுவே, பின் அச்சை இடத்தில் பிடித்து வைப்பதும் அதுவே. இரண்டு வேலை, ஒரு ஆள். வீடியோவில் என்ன தெரிந்தது என்றால், மிதித்தவுடன் அந்தப் பட்டை ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்தது. முன் பாதி மேலே புடைத்தது, பின் பாதி கீழே தொய்ந்தது. நியூட்டனின் மூன்றாம் விதி! சக்கரத்தை அச்சு முன்னோக்கித் திருப்பினால், அச்சின் கூடு அதே அளவு விசையோடு பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். பட்டைதான் அதைத் தடுக்க வேண்டும். தடுக்க முடியாமல் முறுக்கிக்கொள்கிறது. டயர் வழுக்கியவுடன் விசை சட்டென்று விட்டுப்போக, முறுக்கிய பட்டை திரும்பி அடிக்கிறது. டயர் தரையை மீண்டும் பிடிக்கிறது. மறுபடி முறுக்கு. ஒரு நொடிக்குள் இது பல முறை நடக்கிறது. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தடதடவென்று ஒரு உதறல். மாப்பிள்ளை இத்தனை நாள் அதை எஞ்சினின் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இங்கே பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். உராய்வு விசையின் உச்ச அளவு, உராய்வுக் குணகத்தைச் செங்குத்து அழுத்தத்தால் பெருக்கினால் வருவது. நன்றாகக் காய்ந்த தார்ச்சாலையில் டயரின் குணகம் சுமார் 0.7, 0.8. நனைந்தால் 0.5 பக்கம் இறங்கும். சேறு என்றால் இன்னும் கீழே. எந்த ஸ்பிரிங்கும் அந்தக் குணகத்தைக் கூட்டாது. அது டயருக்கும் சாலைக்கும் இடையில் உள்ள விவகாரம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. டயர் மீது விழும் அழுத்தம் குதிக்காமல், இரண்டு சக்கரத்துக்கும் சமமாக, விட்டுப்போகாமல் இருக்கப் பார்த்துக்கொள்வது. ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்கு ஆகாது, அதைவிடக் குறையும். ஒரு சக்கரத்தில் 400 கிலோ, இன்னொன்றில் 200 கிலோ என்று இருப்பதைவிட இரண்டிலும் 300 என்று இருந்தால் மொத்தப் பிடி அதிகம். இந்த நிமிடம் 400, அடுத்த நிமிடம் 200 என்று துள்ளினாலும் அதே நட்டம்தான்.

இன்னொரு நம்பிக்கையையும் உடைத்துவிடுகிறேன். வண்டி கிளம்பும்போது பின்பக்கம் நன்றாகக் குந்தினால் பிடி கூடும் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். பாரம் பின்னால் சாய்வது உண்மை. எவ்வளவு என்று கணக்குப் போடலாம். வண்டி 1,150 கிலோ, எடை மையம் தரையில் இருந்து 60 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 97 அங்குலம், அதாவது 246 சென்டிமீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு வேகத்தில் கிளம்பினால், சுமார் 84 கிலோ பின்னால் போகிறது. பெரிய ஆள் ஒருவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்காவது வருகிறதா பாருங்கள். வரவில்லை. இளகிய ஸ்பிரிங் போட்டால் அதிகம் குந்துவது போலத் தெரியும், ஆனால் சீராக முடுக்கும்போது பின்னால் போகும் பாரம் அதே 84தான்.

நம் ஊர் டிராக்டர்காரர்களுக்கு இதெல்லாம் கணக்கில்லாமலே தெரியும். பின் டயருக்குள் காற்றோடு தண்ணீரும் நிரப்புவார்கள், பாரத்துக்காக. சேற்று உழவுக்குக் கேஜ் வீல் மாட்டுவார்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் முன்பக்கம் தூக்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையும் டிக்கியில் இரண்டு மணல் மூட்டை போட்டுப் பார்த்திருக்கிறான். கிளம்பும்போது உதவும். ஆனால் வளைவில் அதே மூட்டைதான் வண்டியின் பின்பக்கத்தை வெளியே இழுக்கும். உழவு டிராக்டர் எண்பதில் திரும்புவதில்லை.

நிற்க. அந்தக் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகு சோழவரம் கதையாகிவிட்டது. சாலையில் ஓடும் சாதாரண வண்டிகளையே திருத்தி ஓட்டிய காலம் அது. பின் சக்கரம்தான் இழுக்கும் சக்கரம். எஞ்சினுக்குச் செலவழித்த அளவு தலைவலி பின் அச்சிலும் இருந்திருக்கும்.

நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இரு பின் சக்கரமும் தனித்தனியே ஆடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரை அச்சு ஒரு முனையில் மட்டும் மடங்குவதால், வளைவில் வேகமாகப் போய்க் காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடிந்து, டயரின் முழுத் தடமும் தரையில் படியாது. இங்கிலாந்தில் டிரயம்ஃப் நிறுவனம் அதே அமைப்பை விடாமல் திருத்திக்கொண்டே வந்தது. 1970இன் ஸ்பிட்ஃபயரில் பட்டைக் கட்டு அச்சின் மேல் ஊசலாடும்படி வைத்து அந்தக் குணத்தை அடக்கினார்கள். இங்கே 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் வேறு வழி. அந்த ஆடும் அச்சையே எடுத்துவிட்டு, பழையபடி ஒரே முழு அச்சு. நம் மெக்கானிக்குகளுக்கும் சாலைகளுக்கும் அதுதான் ஒத்துவந்தது. பின்னோக்கிப் போனார்கள் என்று இதை ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முழு அச்சும் பட்டையும் மட்டமான சரக்கு இல்லை என்பதற்கு அமெரிக்கக் கதை ஒன்று. அறுபதுகளில் கிரைஸ்லர் நிறுவனம் நேர்ப்பாதைப் பந்தயக் கார்களுக்கு இதே பட்டையைத்தான் வைத்தது. அச்சைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்தள்ளி வைத்தார்கள். முன் பாதி குட்டையாக, விறைப்பாக இருந்து முறுக்கைத் தடுக்கும். வலப்பக்கப் பட்டையும் இடப்பக்கப் பட்டையும் ஒரே மாதிரி இருக்காது. வலது சக்கரம் தூக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கான பதில் அது. பட்டறைக்காரனுக்கு இந்தக் கதை தெரியாது. நான் சொன்னதும், "அப்ப நான் நினைச்சது சரிதான் சார்" என்றான்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி அவன் முதலில் கழற்றியது ஒரு பட்டையை! டாக்சியாக ஓடிய காலத்தில் ஆறு பேர், கல்யாணச் சாமான், மேலே கேரியர் என்று ஏற்றுவதற்காக யாரோ ஒவ்வொரு பக்கமும் கூடுதலாக ஒரு பட்டை செருகியிருக்கிறார்கள். வெறும் வண்டியாக ஓடும்போது அது கல். சாலையின் சின்ன மேடு பள்ளத்தில் டயர் தரையைத் தொடராமல் தாவும். மாப்பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. பிடிமானத்துக்காக விறைப்பான ஸ்பிரிங் வாங்க வந்தவனிடம் இருக்கும் விறைப்பையும் உருவிவிட்டான்.

அடுத்து பட்டையின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ். கையில் எடுத்ததும் பொரி மாதிரி உதிர்ந்தது. அச்சைப் பட்டையோடு கட்டும் யு போல்ட் இரண்டில் மரை தேய்ந்திருந்தது. பட்டைக்குள் கிடக்கும் மையக் குச்சி சற்று வளைந்து, பின் அச்சே வண்டிக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருந்தது. அளந்து காட்டினான். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் பின்னால். இதையெல்லாம் பார்க்காமல் வெளிநாட்டுச் சாமானைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் முகமே சொன்னது.

ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றினோம். இங்கே கிடைக்கும் நல்ல ரகம்தான். பலர் ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். தாங்குவது பட்டை. ஆடுவதை அடக்குவது இது. செத்துப்போன ஷாக் அப்சார்பரோடு ஓடும் வண்டியில் டயர் ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை குதிக்கும். குதிக்கும் நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, இழுவையும் இருக்காது.

கடைசியாக டிராக்‌ஷன் பார். இறக்குமதி வேண்டாம் என்று லேத் பட்டறையில் சொல்லிச் செய்தான். அச்சின் அடியில் இறுக்கி, பட்டைக்குக் கீழாக முன்னோக்கி ஓடும் ஒரு சதுரக் குழாய். அதன் முன்முனையில் கெட்டி ரப்பர். அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும்போது குழாயின் முனை மேலெழும்பி, பட்டையின் முன் கண்ணுக்குக் கீழே முட்டி நிற்கும். முறுக்கு அங்கேயே முடிந்துவிடும். இந்த வண்டியில் ரப்பருக்கும் பட்டைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டான். ஒட்டி வைத்தால் ஸ்பிரிங் வேலை செய்யாது, அதிகம் விட்டால் முட்டுவதற்குள் முறுக்கு வந்துவிடும். வண்டியின் உடலில் ஒரு துளைகூடப் போடவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. வேறு எஞ்சின் போட நினைக்கும் பிள்ளைகள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம். அதில் டயர் சேரவில்லை. டயருக்கு வருகிறேன்.

மறுபடி அரிசி ஆலைக் களம், மறுபடி அடியில் போன். இந்த முறை பட்டை அசையவே இல்லை என்று சொல்லலாம். தடதடப்பு போயே போய்விட்டது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சேர்ந்தே இழுத்தன. மாப்பிள்ளை வாயெல்லாம் பல். அப்போது பட்டறைக்காரன் ஒன்றும் பேசாமல் ஹோஸ் பைப்பை இழுத்துவந்து களத்தை நனைத்தான். "இப்ப மிதிங்க தம்பி."

சுற்றியது. நன்றாகவே சுற்றியது. பின்பக்கம் ஒரு முழம் விலகவும் செய்தது.

அந்த ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளை, "அப்ப எதுக்கு மாமா இவ்வளவும்?" என்று என்னைக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பட்டறைக்காரன் சொல்லிவிட்டான். "முன்னாடி உதறி உதறி ஒரே அடியா விட்டுச்சு. இப்ப மெல்ல நழுவுது. கால எடுத்தா உடனே பிடிக்குது. உங்களுக்கு அரை செகண்டு குடுத்திருக்கேன் தம்பி. பிடியைக் குடுக்க என்னால முடியாது, அது டயருல இருக்கு." மாப்பிள்ளையைத் திரும்பத் திரும்ப மிதிக்க வைத்து, எந்த அளவில் நழுவ ஆரம்பிக்கிறது என்று கால் கற்றுக்கொள்ளும்வரை விடவில்லை. நானும் இப்படித்தான் வாய்ப்பாடு சொல்ல வைத்தேன் அவனை.

டயர். நான்கும் பார்க்கப் புதிது போல இருந்தன, பட்டை ஆழம் குறையவில்லை. ஓரத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மாப்பிள்ளையின் டயருக்கு ஒன்பது வயது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, ரப்பர் அப்படி இறுகிப்போயிருந்தது. புதுச்சத்திரத்தில் வண்டியைத் திருப்பிவிட்டதில் சேற்றுக்கு ஒரு பங்கு, காலுக்கு ஒரு பங்கு, இந்த இறுகிய ரப்பருக்கு ஒரு பங்கு என்று நான் கணக்குப் போடுகிறேன். நான்கையும் மாற்றியாயிற்று. இன்றே உங்கள் வண்டியில் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள். இருசக்கர வண்டியிலும் உண்டு.

அக்காவைச் சமாதானம் செய்வதுதான் கடினமாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை பின் சீட்டில் ஏற்றிச் சிதம்பரம் அழைத்துப் போனோம். ஆலப்பாக்கம் வரை கைப்பிடியை விடவில்லை. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கீழவீதியில் இறங்கும்போது, "முன்ன மாதிரி இடுப்பைத் தூக்கிப் போடலைடா" என்றாள். கூடுதல் பட்டையை உருவியதன் பலன் அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. விற்கும் பேச்சை அன்று எடுக்கவில்லை. மழைக்காலத்தில் அவன் தனியாக எடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

புது யு போல்ட் என்பதால் ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி இறுக்க வேண்டும் என்று பட்டறைக்காரன் சொல்லியிருக்கிறான். அடுத்த மாதம் போகிறோம். இடையில் ஒரு வேண்டுகோள். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் யாரிடமாவது பழைய அம்பாசடரின் பின் பட்டை மையக் குச்சி நல்ல நிலையில் உபரியாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். இப்போது போட்டிருப்பது லேத்தில் கடைந்தது. அசல் கிடைத்தால் மாற்றிவிடலாம் என்கிறான்.